அழிய மறுக்கும் ஃபைல்: ஃபார்மட் செய்வதற்கு முன் காரணத்தைப் பாருங்கள்

(கணக்காளர்கள், ஊக்குநர்கள், பிரதிநிதிகளுக்காகக் கூட்டமைப்பு நடத்திய கணினிப் பயிற்சி நாளில் பயிற்றுநர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காகப் பேச்சு வடிவத்திலேயே தருகிறோம்.)



கம்ப்யூட்டரில் உங்களுக்கு உள்ள தொல்லைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று காலையில் கேட்டிருந்தோம். வந்த தாள்களில் நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள். "ஒரு ஃபைலை டெலிட் பண்ணினா போகவே மாட்டேங்குது மேடம்." "பென் டிரைவ்ல தெரியாத போல்டர் ஒண்ணு இருக்கு, அழிச்சா திரும்பத் திரும்ப வருது." "டெலிட் கொடுத்தா இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுது, பயந்து விட்டுட்டேன்." அதனால் இன்றைக்கு இதை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசுவோம்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஒரு ஃபைல் அழியவில்லை என்றால் கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். ஆனால் நடப்பது என்ன? அழியாத ஃபைலைப் பார்த்ததும் வைரஸ் என்று பயந்து, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு டவுனில் உள்ள கடைக்குப் போகிறோம். வேலை மும்முரத்தில் இருக்கிற கடைத் தம்பி, "ஃபார்மட் பண்ணிடலாம்க்கா, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

ஃபார்மட் என்றால் என்ன? அந்த டிரைவில் இருக்கிற அத்தனையையும் துடைத்துவிட்டு வெறும் பலகையாக ஆக்குவது. குழுக்களின் சேமிப்புப் பட்டியல், யாருக்கு எவ்வளவு கடன் நிலுவை, வட்டிக் கணக்கு, தணிக்கைக்குத் தயார் செய்து வைத்த வரவு செலவு அறிக்கை எல்லாம் அதோடு போய்விடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

நான் சொல்ல வந்தது இதுதான். அழிக்க முடியாது என்று கம்ப்யூட்டர் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்கள் ஐந்தாறுக்கு மேல் போகாது. எது என்று கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் நாமே சரி செய்துவிடலாம். காசும் செலவாகாது, கணக்கும் போகாது. நம் அலுவலகங்களில் அதிகம் இருப்பது விண்டோஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை: செய்தியைப் படிப்பது

டெலிட் கொடுத்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லும். நாம் என்ன செய்கிறோம்? படிக்காமலே ஓகே அழுத்தி மூடிவிடுகிறோம். அடுத்த முறை அப்படிச் செய்யாதீர்கள். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முழுதும் புரிய வேண்டியதில்லை. சில சொற்களைத் தேடினால் போதும்.

"ஃபைல் இன் யூஸ்" என்று இருந்தால், யாரோ அதை இப்போது பயன்படுத்துகிறார்கள். "ஆக்சஸ் டினைட்" அல்லது "பர்மிஷன்" என்று இருந்தால், அனுமதிச் சிக்கல். "டூ லாங்" என்று வந்தால், பெயர் நீளம். "ரைட் புரொடெக்டட்" என்றால், பென் டிரைவோ மெமரி கார்டோ எழுதவிடாமல் பூட்டியிருக்கிறது. "குட் நாட் ஃபைண்ட் திஸ் ஐட்டம்" என்றால், அந்தப் பெயரில் கம்ப்யூட்டரால் ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கடைசிச் செய்தி வந்தால் முதலில் எஃப் 5 விசையை ஒரு தடவை அழுத்துங்கள். பல நேரம் அந்த ஃபைல் ஏற்கெனவே போயிருக்கும், திரையில் மட்டும் பழைய பட்டியல் நிற்கும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாரோ கையில் வைத்திருக்கிறார்கள்

குழுக் கூட்டம் நடக்கிறது. ஒருவர் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் இன்னொருவர் வந்து புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டால் விடுவோமா? "இருங்க, எழுதி முடிக்கட்டும்" என்போம். விண்டோஸும் அதைத்தான் சொல்கிறது. ஒரு மென்பொருள் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது, அது விடும்வரை அடுத்தவர் அழிக்க முடியாதபடி பூட்டு போட்டுவிடுகிறது. அழியாத ஃபைல்களில் அதிகம் இந்த வகைதான்.

ஒரு கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு போல்டர். முன்னறையில் இருந்தவர் பழைய ஃபைல்களை ஒழித்துக்கொண்டிருந்தார். "கடன் 2" என்று ஒரு எக்ஸெல் ஃபைல், பழசு என்று நினைத்து டெலிட் கொடுத்தார். மறுத்துவிட்டது. வைரஸாக இருக்கும், பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி அழித்துவிடலாம் என்று சுவிட்சில் கை வைக்கப் போனார். அதற்குள் உள்ளறையில் இருந்து குரல் வந்தது: "அக்கா, நான் இந்த மாச வசூலை அதுலதான் ஏத்திக்கிட்டு இருக்கேன்." கம்ப்யூட்டர் மறுத்ததால்தான் அன்றைக்கு அந்த மாத வசூல் கணக்கு தப்பித்தது. ஆகவே "இன் யூஸ்" என்று வந்தால் கோபப்படாதீர்கள். யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. வேர்டு, எக்ஸெல், படம் பார்க்கிற மென்பொருள் எல்லாவற்றையும் சேமித்து மூடுங்கள். போல்டரின் வலது பக்கம் ஃபைலின் உள்ளடக்கம் சிறிதாகத் தெரிந்தால் அதுவும் ஒரு பிடிதான். ஆல்ட் விசையோடு பி விசையை அழுத்தினால் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும். பொதுப் போல்டர் என்றால் அடுத்த கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியும் போகவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சில சமயம் எக்ஸெல்லை நாம் மூடியிருப்போம், திரையில் இருக்காது, ஆனால் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலில் அதன் பெயர் தெரிந்தால் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். எது என்று தெரியாத பெயர்களைத் தொட வேண்டாம்.

அதுவும் சரிவரவில்லை என்றால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ஷட்டவுன் கொடுத்து ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்றுதான் நினைக்கிறோம். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அப்படி இல்லை. வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்வேலையின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அதனால் மெனுவில் "ரீஸ்டார்ட்" என்பதையே தேர்ந்தெடுங்கள். திறந்ததும் வேறு எதையும் திறக்காமல் முதலில் அந்த ஃபைலை அழியுங்கள்.

ரீஸ்டார்ட்டுக்கும் மசியாத ஃபைலுக்கு சேஃப் மோட் இருக்கிறது. அதில் விண்டோஸ் அத்தியாவசியமான வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும். விண்டோஸ் 10, 11-ல் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால், எண் போட்ட பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோட். அங்கே அழித்துவிட்டு மறுபடி சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அனுமதி இல்லை என்றால்

நம் குழுவின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்க ஊக்குநர் ஒருவர் கையெழுத்து மட்டும் போதுமா? பிரதிநிதியும் சேர்ந்து போட வேண்டும். அவசரம் என்று சொன்னாலும் வங்கியில் தர மாட்டார்கள். அது நமக்கு எதிரான விதி இல்லை, நம் பணத்துக்கான காவல். ஃபைலுக்கும் அப்படி ஒரு உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்று ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்திருக்கும்.

இதில் மூன்று வகை வரும்.

ஒன்று, விண்டோஸின் சொந்த ஃபைல். செய்தியில் "டிரஸ்டட் இன்ஸ்டாலர்" என்று பெயர் வந்தால் அது விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் பொருள். இடம் காலியாக வேண்டும் என்று அதை அழிக்கப் போகாதீர்கள். அழித்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காமலே போகலாம். இடம்தான் வேண்டும் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். தற்காலிக ஃபைல்களை அழிக்க விண்டோஸே அங்கே வழி வைத்திருக்கிறது.

இரண்டு, பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டியிருப்போம். பழைய கம்ப்யூட்டரில் இருந்த பயனர்தான் அந்த ஃபைல்களுக்கு உரிமையாளர். புதிய கம்ப்யூட்டருக்கு அவர் யார் என்றே தெரியாது. இது நம் ஃபைல்தான் என்பதில் சந்தேகம் இல்லை என்றால் உரிமையை மாற்றிக்கொள்ளலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, போல்டரின் மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போனால் மேலே "ஓனர்" என்று இருக்கும். பக்கத்தில் உள்ள "சேஞ்ச்" அழுத்தி உங்கள் பயனர் பெயரைக் கொடுங்கள். பிறகு அதே செக்யூரிட்டி பக்கத்தில் உங்களுக்கு முழு அனுமதி கொடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

மூன்று, மிகச் சாதாரணமானது. பிராப்பர்டீஸில் "ரீட் ஒன்லி" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பெயரில் வரும் சிக்கல்

இது தமிழில் பெயர் வைக்கிற நமக்கு அதிகம் வரும், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

விண்டோஸில் ஒரு ஃபைலின் முழு முகவரி, அதாவது டிரைவ் எழுத்தில் தொடங்கி ஒவ்வொரு போல்டர் பெயரும் கடைசியில் ஃபைல் பெயரும் சேர்த்து, 260 இடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. விண்டோஸ் 10-ல் 2016-க்குப் பிறகு இதைத் தளர்த்த வழி வந்தது. ஆனாலும் நாம் அன்றாடம் பயன்படுத்தும் போல்டர் திரையில் இந்தத் தொல்லை இன்னும் வருகிறது.

260 நிறைய இல்லையா என்று கேட்கலாம். தமிழில் ஒரு எழுத்து கம்ப்யூட்டருக்கு ஓர் இடம் இல்லை. "கூட்டமைப்பு" என்பது நமக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டர் அதை 11 இடமாக எண்ணுகிறது. க ஒன்று, அதன் மேல் வரும் ஊகாரக் குறி ஒன்று, புள்ளி தனியாக ஒன்று, இப்படி. "உறுப்பினர்" என்ற ஆறெழுத்துக்கு 10 இடம். "2023-24 ஆம் ஆண்டு வட்டார அளவிலான உறுப்பினர் சேமிப்பு விவரங்கள்" என்று ஒரு போல்டர், அதற்குள் அதே நீளத்தில் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று வைத்தால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் அழிக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது.

வழி எளிது. உள்ளே இருக்கிற ஃபைலோடு மல்லுக்கட்டாதீர்கள். மேலே இருக்கிற போல்டர்களின் பெயரைச் சுருக்குங்கள். முதல் போல்டருக்கு "1" என்று பெயர் வையுங்கள், அடுத்ததற்கு "2". முகவரி குறைந்ததும் ஃபைல் தானாக வழிக்கு வரும். தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாக வையுங்கள், சுருக்கமாக வையுங்கள். "சேமிப்பு 2023" போதும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2000-களில் ஒரு மின்னஞ்சல் ஊரெல்லாம் சுற்றியது. "கான்" என்ற பெயரில், அதாவது சி, ஓ, என் என்ற மூன்று எழுத்தில் யாராலும் ஒரு போல்டர் உருவாக்க முடியாது, இதைக் கண்டுபிடித்தது ஒரு இந்தியர், மைக்ரோசாஃப்ட்டுக்கே காரணம் தெரியாது என்று அதில் இருக்கும். போல்டர் உருவாக்க முடியாது என்பது உண்மை. காரணம் தெரியாது என்பது பொய். 1981-ல் வந்த டாஸ் என்ற பழைய முறையில் கீபோர்டுக்கும் திரைக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. கன்சோல் என்பதன் சுருக்கம். பிரிண்டருக்கு பி, ஆர், என் என்று இன்னொரு பெயர். அந்த டாஸில் போல்டர்களே கிடையாது, அவை 1983-ல்தான் வந்தன. அதனால் அந்தப் பெயர்கள் எல்லா இடத்திலும் ஒதுக்கப்பட்டவையாகவே தங்கிவிட்டன. பழைய மென்பொருள்கள் நின்றுவிடக் கூடாது என்று விண்டோஸும் அப்படியே வைத்திருக்கிறது.

வேறு வகைக் கம்ப்யூட்டரில் இருந்து வந்த பென் டிரைவில் இப்படி ஒரு பெயரோ, கடைசியில் புள்ளி அல்லது இடைவெளி உள்ள பெயரோ இருந்தால் விண்டோஸில் அழியாது. அதை எழுதிய கம்ப்யூட்டரிலேயே கொண்டுபோய் அழிப்பது சுலபம். உங்கள் பிள்ளைகளிடம் அரசு கொடுத்த மடிக்கணினி இருந்து, அதில் பாஸ் லினக்ஸ் இருந்தால் அதிலும் செருகி அழிக்கலாம். லினக்ஸுக்கு இந்தப் பெயர்த் தடை கிடையாது.

பென் டிரைவும் மெமரி கார்டும்

"ரைட் புரொடெக்டட்" என்று வந்தால் முதலில் கார்டின் ஓரத்தைப் பாருங்கள். கேமராவில் போடும் பெரிய கார்டில் சின்னதாக ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அது "லாக்" பக்கம் நகர்ந்திருக்கும். சில பென் டிரைவிலும் அப்படி உண்டு. நகர்த்திவிட்டால் முடிந்தது.

தாழ்ப்பாளே இல்லாத பென் டிரைவ் இப்படிச் சொன்னால், அதற்கு வயதாகிவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். உள்ளே உள்ள சில்லு கெட்டுப்போகும் நேரத்தில், இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று சில டிரைவ்கள் எழுதுவதை நிறுத்திவிடும். அழித்த ஃபைல் கழற்றிச் செருகினால் மறுபடி இருக்கிறது என்றால் இதுவும் ஒரு காரணம். அப்போது அழிக்கப் போராட வேண்டாம். உள்ளே உள்ளதை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு அந்த டிரைவை ஓய்வு கொடுத்து விடுங்கள்.

இன்னொன்று, கரண்ட் கட். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும், பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கினாலும் டிஸ்கின் பொருளடக்கப் பட்டியல் குலைந்துவிடும். பட்டியலில் ஃபைல் பெயர் இருக்கும், சொன்ன பக்கத்தில் எதுவும் இருக்காது. பெயர்கூடச் சில சமயம் புரியாத குறிகளாக மாறியிருக்கும். அதற்கு டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் டூல்ஸ் பக்கத்தில் "செக்" என்று இருப்பதை அழுத்துங்கள். விண்டோஸ் தானே பட்டியலைச் சரிபார்த்துத் திருத்தும். இதைச் செய்வதற்கு முன் முக்கியமான கணக்கை வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்வது கட்டாயம்.

அழித்தும் திரும்ப வந்தால்

இப்போதுதான் வைரஸைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு வைரஸ் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருந்தால், நீங்கள் பென் டிரைவில் அழித்த ஃபைலை அது மறு நிமிடமே எழுதி வைக்கும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தால் ஈரம் போகுமா?

நம் பென் டிரைவ் எங்கெல்லாம் போகிறது? ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், வங்கி, ஒன்றிய அலுவலகம். எல்லா இடத்திலும் செருகுகிறோம். முன்பெல்லாம் செருகியதுமே தானாக ஓடுகிற வசதியை வைத்து வைரஸ் பரவியது. 2008-ல் வந்த கான்ஃபிக்கர் உலகம் முழுக்கப் பரவ இதுவும் ஒரு வழி. 2011-ல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. அதற்கப்புறம் வைரஸ் எழுதுகிறவர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். நம் போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைப்பார்கள். நாமே அதைச் சொடுக்குவோம், அது ஓடும்.

இந்த மாதிரி நேரத்தில்தான் "எல்லாம் போச்சு" என்று ஃபார்மட் கொடுத்துவிடுகிறார்கள். போகவில்லை சகோதரிகளே, மறைத்துத்தான் வைத்திருக்கிறது. முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குப் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் "ஆஃப்லைன் ஸ்கேன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலைகளைச் சேமித்துவிட்டுக் கொடுங்கள், ஏனென்றால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, வைரஸ் எழுந்திருக்கும் முன்பே தேடும். பிறகு பென் டிரைவையும் ஸ்கேன் செய்யுங்கள். போல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை என்பதில் உள்ள டிக்கையும் மாற்றினால் உங்கள் பழைய போல்டர் மங்கலாகத் தெரியும். உள்ளே போய் உங்கள் கணக்கு ஃபைல்களைப் புதிய போல்டருக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வந்துவிட்டது, திறந்து பார்த்தாயிற்று என்ற பிறகு அந்தப் பென் டிரைவை மட்டும் ஃபார்மட் செய்யலாம். முடிந்ததும் அந்த டிக்கைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். எக்ஸ்பிக்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் உறுப்பினர் கணக்கை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டிலும் இணைத்து வைப்பது ஆபத்து.

அழிந்தது நிஜமாகவே அழிந்ததா?

இவ்வளவு நேரம் அழியாததைப் பற்றிப் பேசினோம். அழிந்துவிட்டது என்று நாம் நினைப்பது உண்மையில் அழிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதில்தான் உறுப்பினர்களின் நலன் இருக்கிறது.

டெலிட் கொடுத்தால் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அதையும் காலி செய்தால், பொருளடக்கத்தில் அந்தப் பெயரை அடிக்கிறது, அவ்வளவுதான். பக்கம் கிழிக்கப்படவில்லை. அதன் மேல் வேறு ஏதாவது எழுதும்வரை, மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்து யார் வேண்டுமானாலும் படிக்க வாய்ப்பு உண்டு.

நம் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? கடன் விண்ணப்பத்துக்காக வாங்கிய ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ, கையெழுத்து. அந்தப் பெண்கள் கொடுத்தது குழுவை நம்பி. பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான் கடைக்குப் போடும்போது ஃபைல்களை டெலிட் மட்டும் செய்துவிட்டுக் கொடுப்பது, அவர்கள் பெட்டியின் சாவியைத் தெருவில் போடுவது மாதிரி. விண்டோஸ் 10, 11-ல் "ரீசெட் திஸ் பிசி" என்பதில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய்வதற்கும் தனியாக ஒரு தேர்வு உண்டு. அதைக் கொடுங்கள், சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். பென் டிரைவை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் ஃபார்மட் பெட்டியில் "குவிக் ஃபார்மட்" என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஃபார்மட் சரியான கருவி. கணக்கு இருக்கிற டிரைவில், காரணம் தெரியாமல் செய்தால் அதே ஃபார்மட் நம்மை அழ வைக்கும்.

உறுப்பினர்கள் கேட்டவை

"அழியாத ஃபைலை அழிக்க நெட்டில் இலவச சாஃப்ட்வேர் கிடைக்குதாமே?"

கிடைக்கிறது. ஆனால் தேடியதும் முதலில் வருவதை இறக்காதீர்கள். ஒன்றைக் கேட்டால் வேண்டாத நாலைந்தைச் சேர்த்து உள்ளே கொண்டுவருபவை நிறைய. மைக்ரோசாஃப்ட்டே "பவர்டாய்ஸ்" என்ற இலவசத் தொகுப்பைத் தருகிறது. 2022-ல் அதில் "ஃபைல் லாக்ஸ்மித்" என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஃபைலின் மேல் வலது கிளிக் செய்தால் அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். அது போதும்.

"போன்ல அழிச்ச போட்டோ திரும்ப வருது, அதுவும் வைரஸா?"

பெரும்பாலும் இல்லை. மெமரி கார்டு கெட்டுப்போயிருக்கலாம், மேலே சொன்ன மாதிரி. அல்லது போட்டோ இணையத்தில் உள்ள உங்கள் கணக்கிலும் சேமிப்பாகி, அங்கிருந்து இறங்கலாம். அங்கேயும் போய் அழிக்க வேண்டும்.

"உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குன்னு ஒருத்தர் போன் பண்ணினார். ஒரு ஆப் போடச் சொன்னார்."

வைத்துவிடுங்கள். நம் கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பது முன்பின் தெரியாதவருக்கு எப்படித் தெரியும்? தூரத்தில் இருந்து நம் திரையை இயக்கும் ஆப்பைப் போட வைத்து வங்கிக் கணக்கைக் காலி செய்கிற கூட்டம் அது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

அலுவலகச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியவை

1. எதை அழிப்பதற்கு முன்னும் கணக்கு ஃபைல்களுக்கு நகல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நகல் அலுவலகத்துக்கு வெளியே, இன்னொரு பொறுப்பாளர் வீட்டில் இருக்கட்டும்.

2. மறுப்புச் செய்தியைப் போட்டோ எடுங்கள்.

3. யார் கையில் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். மூடுங்கள். ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4. விண்டோஸின் சொந்த ஃபைலைத் தொடாதீர்கள்.

5. போல்டர் பெயரைச் சுருக்கமாக வையுங்கள்.

6. திரும்பத் திரும்ப வந்தால் முதலில் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்யுங்கள், பிறகு பென் டிரைவை.

7. கடையில் ஃபார்மட் என்று சொன்னால், "எந்த டிரைவை? எங்க ஃபைலை நகல் எடுத்தாச்சா? திறந்து காட்டுங்க" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வந்த பிறகு சம்மதியுங்கள்.

சகோதரிகளே, ரொக்கப் புத்தகம், பேரேடு எழுதுவதெல்லாம் ஒரு காலத்தில் நமக்கு வராது என்றுதான் சொன்னார்கள். இன்று தணிக்கையாளர் கேட்கிற கேள்விக்கு நம் கணக்காளர்கள் எழுந்து நின்று பதில் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரும் அப்படித்தான். அது சொல்கிற காரணத்தைக் காது கொடுத்துக் கேட்கப் பழகுங்கள். அடுத்த மாதம் உங்கள் ஊர்க் கம்ப்யூட்டரில் வந்த செய்திகளை எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.